தூர் வாரிய கண்மாயில் தண்ணீர் ஏன் நிற்கவில்லை? இயற்கைவழி நீர் மேலாண்மை குறித்த விவாத இழை

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மானாமதுரைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க் கண்மாயை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தூர் வாரினார்கள். பொக்லைன் இயந்திரங்கள் இருபது நாள் ஓடின. நீர் தேங்கும் உள்வாயில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பள்ளம் விழுந்தது. அள்ளிய மண்ணில் ஒரு பகுதி கரைக்குப் போனது, மீதி லாரிகளில் ஊரைவிட்டே போனது. சீமைக்கருவேல மரங்களையும் வேரோடு பிடுங்கினார்கள். ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன்.

அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழையைக் குறைந்த மழை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது, அதாவது உபரிநீர் வழிந்து வெளியேறியது. எங்கள் கண்மாயிலோ தோண்டிய பள்ளங்களில் தனித்தனிக் குட்டைகளாகத் தண்ணீர் நின்றதே தவிர, அது வயலுக்கு நீர் திறக்கும் மடையைத் தொடவே இல்லை. தொண்டைக்கதிர் பருவத்தில் நின்ற நெல்லை, மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கிணற்று நீர் வாங்கித்தான் காப்பாற்றினோம். கிணறு இல்லாதவர்களும் வாங்க வசதி இல்லாதவர்களும் மாடுகளை வயலில் இறக்கிவிட்டார்கள்.

காரணம் என்ன என்று யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. மேலேயுள்ள கண்மாயின் மறுகாலிலிருந்தும் அதற்கு அப்பால் உள்ள மேட்டுக்காடுகளிலிருந்தும் நீரைக் கொண்டுவரும் வரத்துக்காலை ஒருவரும் தொடவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் வைக்கோல் வண்டி இறங்கி ஏறும் அகலத்தில் இருந்த அந்த வாய்க்கால் இன்று சில இடங்களில் ஒரு காலடி அகலம்கூட இல்லை.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2018ஆம் ஆண்டுக்கான உலக நீர் வள மேம்பாட்டு அறிக்கையை, நீருக்கான இயற்கைசார் தீர்வுகள் என்ற பொருளிலேயே வெளியிட்டது. அதன் பிறகு வளரும் நாடுகளில் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வது பற்றிய பேச்சிலெல்லாம் இந்தச் சொற்றொடர் இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் உள்ள 39,000க்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் அதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகின்றன. அப்படியானால் எங்கள் ஊரில் நடந்த வேலையும் அந்தக் கணக்கில்தான் சேருமா? நீர் வரும் வழியையும் நீர் போகும் வழியையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் தோண்டுவதை இயற்கைவழி நீர் மேலாண்மை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மதகடி

கண்மாய்க்கரை ஐயாவுக்கு வணக்கம். பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஊரில் நடந்ததைப் போல நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில வேலைகளுக்கு அளவுப் புத்தகத்தில் அளவெழுதியவனும் நானே என்பதை மறைக்க விரும்பவில்லை.

1 ஹெக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழம் தோண்டினால் 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர் கொள்ளளவு கூடுகிறது. திட்ட மதிப்பீட்டில் இந்த எண்ணைத்தான் காட்டுவோம். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக வயலுக்கு ஏறாது. அது கால்நடைக்கும் மீனுக்கும் பயன்படும், ஓரளவு நிலத்தடிக்கு இறங்கும். அது நல்லதுதான். ஆனால் அதற்கு முன், ஆண்டுதோறும் முதலில் வரும் வெள்ளம் முழுவதையும் அந்தப் பள்ளங்கள் குடித்துவிடுகின்றன. வரத்தும் குறைந்து பள்ளமும் ஆழமாகிவிட்டால் மடைமட்டத்துக்கு நீர் எப்படி ஏறும்? உங்கள் கண்மாயில் இதுவே நடந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்வாயில் படிந்திருக்கும் வண்டல் எல்லாமே வேண்டாத பொருள் அல்ல. அடியில் இறுகியிருக்கும் களிப்படலம்தான் சில ஏரிகளில் நீரை மாசி, பங்குனி வரை நிறுத்துகிறது. அதைக் கிழித்துக்கொண்டு மணற்பாங்கான அடுக்கு வரை இறங்கினால், பாசனத்துக்கு என்று கட்டப்பட்ட ஏரி கசிவுநீர்க் குட்டையாக மாறிவிடும். சுற்றுக் கிணறுகள் ஊறும், ஆனால் ஏரிப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு வயல்கள் காயும். எது வேண்டும் என்பதை ஊர் கூடி முடிவு செய்தால் அதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலும் அந்த முடிவை யாருடைய ஒப்புதலும் இன்றி எடுப்பது பொக்லைன் ஓட்டுநரின் கைதான். கரையின் அடியை ஒட்டி மண் எடுத்திருந்தால் அது வேறு ஆபத்து. அடுத்த பெருமழையில் கரை உள்பக்கமாகச் சரியும்.

முற்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வண்டல் அள்ளப்பட்டது. மாட்டு வண்டியில், மேலாக, வயலுக்குத் தேவையான அளவு மட்டுமே அள்ளினார்கள். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே சொல்லப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த ஏற்பாடு தளர்ந்து, ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து வேலைக்கு ஆள் வராத நிலை ஏற்பட்டபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஊரின் உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் சட்டத்தால் வாங்க முயன்றது பலிக்கவில்லை.

வன்னிக் குளக்கட்டு

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கண்மாய் என்பதை நாங்கள் குளம் என்போம். மடையைத் துருசு என்றும், மறுகால் பாய்வதை வான் பாய்தல் என்றும் சொல்வோம். சொற்கள் வேறானாலும் கவலை ஒன்றுதான்.

மதகடி ஐயா சொன்ன வண்டல் பிரச்சினைக்கு, அது குளத்துக்குள் வருவதற்கு முன்பே தீர்வு காணும் ஓர் ஏற்பாட்டை நான் அநுராதபுரப் பக்கத்துக் கிராமங்களில் நேரில் பார்த்தேன். சிங்களத்தில் எல்லங்க என்று சொல்லப்படும் தொடர்குள முறை அது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகக் குளங்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேற்குளத்தின் வயலில் பாய்ந்து வடிந்த நீர் கீழ்க்குளத்துக்கு வரும். இதுவரை உங்கள் கண்மாய்த் தொடர் போலவேதான். எனக்கு வியப்பளித்தது ஒவ்வொரு குளத்தைச் சுற்றியும் இருக்கும் மற்ற உறுப்புகள்.

எல்லாவற்றுக்கும் மேலே காட்டுக்குள் குளுவெவ என்ற சிறு குளம் இருக்கும். அதிலிருந்து பாசனம் கிடையாது. வண்டலைப் பிடிப்பதும், காட்டு விலங்குகள் நீர் தேடி ஊருக்குள் வராமல் தடுப்பதும் அதன் வேலை. பிரதான குளத்தின் மேற்பகுதியில் மருது முதலிய மரங்கள் அடர்ந்த ஒரு பட்டை இருக்கும். அதற்குக் கஸ்கொம்மன என்று பெயர். அது காற்றின் வேகத்தைக் குறைத்து ஆவியாதலையும் குறைக்கும். அந்த மரங்களுக்கு அண்மையில் பெரஹன என்ற புல்தரை உண்டு. மழைநீர் அந்தப் புல்லின் ஊடாக வடிந்து வரும்போது மண் அங்கேயே தங்கிவிடும். குளக்கட்டுக்குக் கீழே, கட்டுக்கும் வயலுக்கும் இடையில், கட்டகடுவ என்ற ஈரமான மரச்சோலை இருக்கும். கசிந்து வரும் நீரிலுள்ள உப்பையும் இரும்பையும் அங்குள்ள செடிகள் உறிஞ்சிக்கொள்வதால் வயல் உவராகாது. என்னோடு வந்த முதிய கமக்காரர் ஒருவர், கட்டகடுவவை வெட்டி வயலாக்கிய இடத்தைக் காட்டினார். அந்த வயலின் ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்து, நெல் மஞ்சளாகி முழங்கால் உயரத்தில் நின்றது. முப்பது யார் (கெஜம்) தள்ளிச் சோலை மிஞ்சியிருந்த பக்கத்தில் அதே விதை நெல் இடுப்பளவு நின்றது.

இந்தத் தொடர்குளக் கிராம முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாயப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. சிங்களவர் மல்வத்து ஓயா என்று அழைக்கும் ஆற்றை நாங்கள் அருவி ஆறு என்கிறோம். அந்த ஆற்றின் மேற்படுகையில் இத்தகைய தொடர்குளங்கள் நிறைய உண்டு. அதே ஆறுதான் கீழே மன்னாரில் தேக்கம் அணைக்கட்டின் வழியே கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் தருகிறது. அநுராதபுரத்துக் குளத்தின் மேலே ஒரு புல்தரை அழிந்தால் அந்த மண் யாருடைய வாய்க்காலில் போய்ப் படியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குளத்தை மட்டும் தனியாக எடுத்துத் திருத்துவது எங்கள் பக்கத்திலும் நடக்கிறது. கட்டை உயர்த்துகிறார்கள், துருசுக்குப் புதிய இரும்புக் கதவு போடுகிறார்கள், மேலே உள்ள மரப்பட்டையை யாரும் நினைப்பதில்லை.

தென்சென்னைவாசி

நகரத்தில் இருப்பவனாக ஓர் எதிர்க்கருத்தோடு வந்தேன். மேலே உள்ள பதிவுகளைப் படித்தபின் அது எதிர்க்கருத்தாக இல்லை.

நான் இருபது ஆண்டுகளாக வேளச்சேரியில் குடியிருக்கிறேன். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். இரண்டாவது முறை, மழை நின்று வெயில் அடித்த பிறகும் தண்ணீர் வடியவில்லை. மாறாக, மழைநீர் வடிகாலின் மூடித் துளைகள் வழியே நீர் மேல்நோக்கி வந்ததை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகால் எந்தச் சதுப்பில் போய்ச் சேர வேண்டுமோ அந்தச் சதுப்பே நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? இதே நகரம் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த நகரம். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் ஊருக்கு இரண்டு துன்பமும் மாறி மாறி வருகின்றன.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது. தாம்பரம், மேடவாக்கம், நாராயணபுரம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் மெதுவாக வடியும். அந்த மெதுவாக என்ற சொல்தான் முக்கியம். வெள்ளத்தை ஏந்தி வைத்துக்கொள்ளவும் அதன் ஒரு பகுதியை நிலத்துக்குள் அனுப்பவும் அந்த நிலத்துக்கு நேரம் கிடைத்தது. பின்பு குப்பைக் கிடங்கு வந்தது, குறுக்கே துரைப்பாக்கம் சாலை வந்தது, அலுவலக வளாகங்கள் வந்தன, என்னைப் போன்றவர்களின் அடுக்குமாடிகளும் வந்தன. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அதே ஆண்டில் பிச்சாவரத்துக்கும் கரிக்கிலிக்கும் கிடைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் சதுப்புக்கு நீர் தரும் ஏரிகளும் இடைக்கால்களும் அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. கண்மாய்க்கரை ஐயா சொல்லும் வரத்துக்கால் பிரச்சினையே இங்கும் இருக்கிறது. உங்கள் ஊரில் நீர் வராமல் போகிறது, எங்கள் ஊரில் வந்த நீர் போகாமல் நிற்கிறது.

வன்னிக் குளக்கட்டு

தென்சென்னைவாசி அவர்களுக்கு ஒரு சிறு தகவல். 2010 நவம்பர் மழையில் எங்கள் நாட்டு நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளை நிரப்புவதற்கான வெற்றுக்காணிகளாகப் பார்க்காமல், வெள்ளத்தை ஏந்தும் உறுப்பாகப் பார்க்கும் எண்ணம் அரசுத் தரப்பில் வலுத்தது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆக்கிரமிப்பு முற்றாக நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்களின் காலடி நனைந்த பிறகு சதுப்பின் மதிப்பு விளங்கியது என்பது உண்மை.

நெய்தல்_மாணவி

சிதம்பரம் அருகே கடலோரச் சூழலியல் படிக்கிறேன். வரத்துக்கால் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே இந்த இழை போவதால் பிச்சாவரத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள அந்த அலையாத்திக் காட்டைப் பழைய வனத்துறை பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியது. வெட்டிய இடத்தில் தானாகக் காடு முளைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வெயில் நேரடியாக விழுந்ததால் ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, நிலம் தொட்டி போல் குழிந்தது. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற முடியாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்தது, காய்ந்த இடத்தில் உப்பு ஏறியது, அதன் பிறகு எந்த விதையும் அங்கே பிழைக்கவில்லை. பல காலம் இதற்கு மாடுகள் மேய்வதும் விறகு வெட்டும் ஊர்மக்களும்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து பணியாற்றியபோதுதான் குழிந்த நிலத்தில் நீரோட்டம் நின்றுபோனதே காரணம் என்பது தெளிவானது. செய்த வேலை எளிமையானது: மீன்முள் வடிவில், ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டி, கடல்நீர் நாள்தோறும் வந்து போக வழி செய்தார்கள். உப்பு கழுவப்பட்டது. பின்பு வாய்க்கால் ஓரங்களில் நட்ட அலையாத்தியும் சுரபுன்னையும் பிடித்துக்கொண்டன.

2004 ஆழிப்பேரலையில் இந்தக் காடு பின்னால் இருந்த குப்பங்களைக் காத்தது என்று ஊர்மக்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். காடு மட்டுமே காத்ததா, நிலத்தின் உயரத்துக்கும் கடலிலிருந்த தொலைவுக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே உண்டு, அதையும் சொல்லிவிடுவது நேர்மை. எனக்குக் கவலை தருவது வேறு. காவிரியில் நன்னீர் வரத்துக் குறையக் குறைய, உப்பைக் குறைவாகத் தாங்கும் மரவகைகள் இந்தக் காட்டிலிருந்து மெல்ல விலகிவிடுகின்றன. மேலே எங்கோ நீர் நிறுத்தப்படுவதன் விளைவை முகத்துவாரத்து மரம் காட்டுகிறது.

வார்டு_உறுப்பினர்

அனைவரும் நீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர். மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதி கேட்கிறேன்.

எங்கள் ஊர் ஏரியில் மடை திறப்பவரை நீர்க்கட்டி என்போம். என் தகப்பனார் நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர், கடைமடைக்கு எப்போது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மழைக்காலத்தில் கரையில் எலிவளை, நண்டுவளை இருக்கிறதா என்று இரவில் அரிக்கேன் விளக்கோடு நடந்து பார்த்தவரும் அவரே. அதற்கு அவர் பெற்றது அறுவடையில் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஏரி நீரில் சொந்தமாக ஒரு காணி நிலம்கூடப் பாய்ந்தது கிடையாது. பழைய ஏரி நிர்வாகத்தைப் போற்றும்போது, அந்தக் காவல் வேலை எந்தத் தெருவின் தலையில் விழுந்தது, முடிவெடுக்கும் கூட்டத்தில் எந்தத் தெரு நின்றுகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பழைய முறையை அப்படியே மீட்போம் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஆக்கிரமிப்பு விஷயமும் இதுதான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது தேவையான சட்டம். ஆனால் முதலில் அகற்றப்படுவது கரையோரக் குடிசைகள்தான். நிலமில்லாதவர் வேறு எங்கே போவார்? சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரங்களில் இருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அந்த இடமே பள்ளிக்கரணை நீர்ப்படுகையில் உள்ள தாழ்வான பகுதி. வெள்ளத்துக்குத் தடையாக இருக்கிறார்கள் என்று ஓர் இடத்திலிருந்து எழுப்பி, வெள்ளம் வந்து சேரும் இன்னோர் இடத்தில் உட்கார வைத்தால் அது எந்த நீர் மேலாண்மையில் சேரும்?

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 1985 முதல் தருண் பாரத் சங்கமும் ஊர்மக்களும் ஜோஹட் என்னும் மண்ணணைகளை ஆயிரக்கணக்கில் கட்டி, ஆர்வரி ஆற்றில் மீண்டும் நீரோட்டம் வரச் செய்தது பலருக்கும் தெரியும். நீர் வந்த பிறகு மீன் வந்தது, மீன் வந்த பிறகு மீன்பிடி உரிமையை வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சியும் வந்தது. அதை எதிர்த்த அனுபவத்திலிருந்துதான் படுகையில் உள்ள ஊர்கள் சேர்ந்து ஆர்வரி நாடாளுமன்றம் என்ற சபையை அமைத்துக்கொண்டன. எங்கள் ஏரியிலும் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத் தொகை எங்கே போகிறது என்பதை மகளிர் குழு கேட்கத் தொடங்கிய பிறகுதான் மடைப்பலகை மாற்றப்பட்டது. தண்ணீரை யார் நிறுத்துகிறார், யார் திறக்கிறார் என்பதில் எல்லாத் தெருவுக்கும் வாய் இல்லாவிட்டால், மரம் நட்டாலும் புல் வளர்த்தாலும் அது நிலைக்காது.

கணக்கன்

மாற்றுக்கருத்து ஒன்றைப் பணிவோடு வைக்கிறேன். இயற்கைவழி முறைகள் மேல் நமக்குள்ள அன்பு, அவற்றின் எல்லையை மறைத்துவிடக் கூடாது.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது அடிப்படை இயற்பியல். மழை நாட்களின் எண்ணிக்கை கூடாமலேயே ஒரு நாளில் கொட்டும் அளவு கூடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த ஊர் பல ஆண்டுகளில் ஓராண்டு முழுவதும் பெறுவதைவிட இது அதிகம். தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் வரிசையாக உடைந்தன. பலநூறு ஆண்டுகளுக்கு முன் அன்றைய மழையைக் கண்டு அமைத்த கரையும், உபரிநீர் வழியும் கலிங்கும் இன்றைய மழைக்குப் போதுமா? தொடர் என்பது பலம் மட்டும் அல்லவே. மேற்குளம் உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் கீழ்க்குளத்தின் தலையில் விழுகிறது.

வறட்சிப் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 1 ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 60,000 லிட்டர் போகிறது. ஆழமற்றுப் பரந்த ஏரிகள் வெப்பம் கூடும் காலத்தில் பெரும் பங்கை வானத்துக்கே கொடுக்கும். கழிவுநீர் கலந்து பாசி மண்டிய குளங்கள் மீத்தேனை வெளியிடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே சிமெண்டு, இரும்பு, பம்பு ஆகியவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் காலத்தைக் கடக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

மதகடி

கணக்கன் அவர்கள் சொன்ன எண்களை நான் மறுக்கவில்லை. ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் என்பது எந்த அமைப்பையும் திணறவைக்கும் மழை. சிமெண்டு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவும் இல்லை. உடைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். நான் நேரில் பார்த்த உடைப்புகளில் பெரும்பாலானவற்றில் கலிங்குக்குக் கீழே, வழிந்த நீரைக் கொண்டுபோகும் போக்குக்கால் இல்லை. வயலாகவோ வீட்டுமனையாகவோ சாலையாகவோ மாறியிருந்தது. நீர் போகும் பாதையை ஊர் மறந்திருந்தது, நீர் மறக்கவில்லை. கலிங்கின் நீளத்தைக் கூட்டுவதற்குச் சிமெண்டு தேவை, தாராளமாகக் கட்டலாம். ஆனால் அதற்குக் கீழே அரை மைல் போக்குக்காலை மீட்காமல் கலிங்கை மட்டும் நீட்டினால் வெள்ளம் ஊருக்குள் விரைவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

பழைய கலிங்குகளின் மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பெருமழைக் காலம் கழிந்த பிறகு அந்தக் கற்களுக்கு இடையே களிமண்ணும், புல்லோடு வெட்டிய மண்கட்டியான புற்கரணையும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி, இரண்டு அடி நீரைத் தேக்குவார்கள். ஐப்பசியில் திறந்து வைப்பதும் மார்கழியில் அடைப்பதும் பருவத்தைப் பார்த்துச் செய்த முடிவு. இன்று பல ஊர்களில் அந்த இடைவெளியை நிரந்தரமாகச் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கொள்ளளவு கூடியதாகக் கணக்கு எழுதலாம். ஆனால் பெருவெள்ளத்துக்கு இருந்த வாசல் அடைபட்டுவிட்டது. மழையின் போக்கு மாறும் காலத்தில் நமக்கு வேண்டியது அந்த இடைவெளியும், அதை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் ஆளும். உறுப்பினர் அம்மா சொன்ன நீர்க்கட்டிக்கு அந்த வேலைக்கான மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நெல் அளந்து போட்ட காலம் முடிந்துவிட்டது.

ஆவியாதல் பற்றி ஒன்று. வன்னி அன்பர் எழுதிய மரப்பட்டை அதற்குத்தான் வைத்தது. முழுமையாகத் தடுக்காது, ஆனால் குறைக்கும். ஆவியாவது திரும்பாது, ஆனால் ஏரியை நிலத்தடி நீரோடு சேர்த்துக் கணக்கிட்டால் கசிவாகப் போகும் இழப்பின் பெரும்பகுதி வேறு இடத்தில் வரவாக நிற்கும்.

கணக்கன்

ஏற்றுக்கொள்கிறேன். போக்குக்கால் இல்லாத கலிங்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிற்கிறது. கண்மாய்க்கரை குறிப்பிட்ட அதே 2018 அறிக்கை, நீர்க் கட்டமைப்புக்கான மொத்த முதலீட்டில் இயற்கைசார் வழிகளுக்குப் போவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றே சொல்கிறது. வரத்துக்காலை மீட்பதற்கு மண்வேலை குறைவு, நில அளவையும் பேச்சுவார்த்தையும்தான் அதிகம். அவற்றுக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் வரிசை கிடையாது. ஆகவேதான் தோண்டுவது நடக்கிறது.

கண்மாய்க்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து வரத்துக்கால் முழுவதையும் நடந்து பார்த்தோம். அதில் இருவர் கண்மாய்ப் பாசனம் இல்லாத தெருவைச் சேர்ந்த ஆடு மேய்ப்பவர்கள். எங்களைவிட அவர்களுக்குத்தான் வாய்க்காலின் ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. உறுப்பினர் அம்மாவின் பதிவைப் படிக்காமல் இருந்திருந்தால் அவர்களை அழைத்திருப்பேனா என்று எனக்கு உறுதியில்லை.

மொத்தம் பதினொரு இடங்களில் அடைப்பு. ஆறு இடங்களில் கருவேலமும் மண்ணும்தான், நூறு நாள் வேலையில் சரிசெய்துவிடலாம். மூன்று இடங்களில் வயல் வரப்பு வாய்க்காலுக்குள் நகர்ந்திருக்கிறது. அதில் ஒன்று என் சித்தப்பா மகனுடையது, அவரிடம் நானே பேசுகிறேன். ஓர் இடத்தில் செங்கல் சூளைக்காக மண் எடுத்து வாய்க்காலே கிணறுபோல் ஆகிவிட்டது. பதினொன்றாவது இடம்தான் எங்களை அதிர வைத்தது. புதிதாகப் போட்ட தார்ச்சாலைக்குக் கீழே குழாய்ப் பாலம் வைத்திருக்கிறார்கள். கொத்தனார் ஒருவரின் டியூப் மட்டத்தை (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை) கடன் வாங்கி இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தோம். குழாயின் அடி, வாய்க்காலின் தரையைவிட ஒன்றே முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு நீர் தேங்கினால்தான் ஒரு சொட்டாவது இந்தப் பக்கம் வரும். அதற்குள் அது பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிடுகிறது. பக்கத்து ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்த மர்மம் அங்கே விளங்கியது. எங்கள் பங்கும் சேர்ந்துதான் அங்கே போயிருக்கிறது.

மார்ச் 22 கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். மதகடி ஐயாவிடம் ஒரு கேள்வி. குழாயைத் தாழ்த்திப் பதிக்கக் கேட்பதா, அல்லது பழையபடி கல் வைத்த சிறுபாலமாகவே கேட்பதா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்மானத்தில் எழுதும்படி எளிமையாகச் சொல்ல முடியுமா?

மதகடி

சிறுபாலமாகவே கேளுங்கள். குழாயில் ஒரு கருவேலக் கிளை சிக்கினால் போதும், அடுத்த ஆண்டே மண் மூடிவிடும். சிறுபாலத்துக்குள் ஆள் இறங்கி அள்ளலாம். தீர்மானத்தில் இப்படி எழுதுங்கள்: பாலத்தின் தரைமட்டம் வரத்துக்காலின் பழைய தரைமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அகலம் வருவாய்த்துறைப் புல வரைபடத்தில் உள்ள வாய்க்கால் அகலத்துக்குக் குறையக் கூடாது. வரைபட நகலைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கி இணைத்துவிடுங்கள். டியூப் மட்டம் பிடித்தபோது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள். மட்டம் எடுத்த தேதியையும் உடன் இருந்தவர்களின் கையெழுத்தையும் மறக்க வேண்டாம். அந்த ஆடு மேய்ப்பவர்கள் இருவரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.